பார்த்தால் ரோலெக்ஸ் மாதிரி, பெயர் வேறு: ஹோமேஜ் டைவ் வாட்ச் பற்றி ஓர் அறிமுகம்

பினாங்கில் நம்மவர்கள் நாலு பேர் கூடும் இடத்துக்கு ஒருவர் கறுப்பு டயல், சுற்றிலும் எண் போட்ட வளையம், கனமான எஃகுச் சங்கிலி என்று ஒரு வாட்ச் கட்டிக்கொண்டு வரட்டும். "ரோலெக்ஸா?" என்பார் ஒருவர். "இல்லண்ணே, வேற பிராண்டு. 900 வெள்ளி" என்று பதில் வந்ததும், "அப்ப காப்பின்னு சொல்லு" என்று பேச்சு முடிந்துவிடும். பத்து பெரிங்கி கடற்கரைப் பக்கத்து இரவுச் சந்தையில் துணி விரித்து விற்கிற வாட்சும், ஹோமேஜ் எனப்படும் இந்த வகை வாட்சும் ஒரே கூடையில் போய் விழும்.

அதே கூட்டத்தில் இன்னும் இரண்டு கருத்து உலவும். "200 மீட்டர்னு எழுதியிருந்தாலும் குளத்தில் கையை வீசி நீந்தினால் தண்ணீர் போய்விடும்" என்பது ஒன்று. "பேர் தெரியாத கம்பெனி, உள்ளே என்ன மிஷின் இருக்குமோ" என்பது இன்னொன்று. மூன்றுமே கொஞ்சம் உண்மையும் நிறைய வதந்தியும் கலந்தவை. 900 வெள்ளி, அதாவது 900 ரிங்கிட், சின்னக் காசு இல்லை என்பதால், கொடுக்கும் முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

டைவ் வாட்ச் எதற்காக வந்தது

முதுகில் காற்றுக் குடுவையோடு கடலுக்குள் இறங்குபவருக்குத் தெரிய வேண்டியது இப்போது மணி என்ன என்பதைவிட, இறங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதுதான். குடுவையில் இருக்கும் காற்று கணக்குக்கு உட்பட்டது. 1953-இல் பிரெஞ்சுக் கடற்படையின் நீச்சல் வீரர்களின் தேவைக்கேற்ப பிளாங்பான் நிறுவனம் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் என்ற வாட்சைச் செய்தது. அதே ஆண்டில் ரோலெக்ஸின் சப்மரீனரும் பிறந்தது. கறுப்பு டயல், பெரிய வெள்ளைக் குறிகள், இருட்டில் ஒளிரும் பூச்சு, வெளியே திரும்பும் வளையம் என்று இன்று நாம் 'டைவ் வாட்ச் முகம்' என்று அடையாளம் காண்பதெல்லாம் அந்தக் காலத்தில் உருவானதுதான்.

வெளியே திரும்பும் அந்த வளையத்துக்குப் பெசல் என்று பெயர். பயன்படுத்துவது மிகச் சுலபம். வளையத்தில் ஒரு முக்கோணமோ புள்ளியோ இருக்கும். நேரம் கணக்கிடத் தொடங்கும்போது அதை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டும். அப்புறம் எப்போது பார்த்தாலும், நிமிட முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அத்தனை நிமிடம் ஆகியிருக்கிறது என்று பொருள். கழிக்கவோ கூட்டவோ வேண்டாம்.

இன்றைய டைவ் வாட்சில் இந்த வளையம் ஒரே பக்கமாக, இடப்பக்கமாக மட்டும் திரும்பும். ஏன்? கடலுக்குள் பாறையிலோ படகின் விளிம்பிலோ இடித்து வளையம் நகர்ந்துவிட்டால், அது எப்போதும் 'அதிக நேரம் ஆகிவிட்டது' என்றுதான் காட்டும். உண்மையில் 22 நிமிடம் ஆகியிருக்க 26 என்று காட்டும். ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவார், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் திரும்பினால் 22 ஆனதை 18 என்று காட்டிவிடவும் கூடும். அந்தத் தவறு உயிருக்கு ஆபத்து.

கடலுக்குப் போகாதவருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். லிட்டில் இந்தியாவில் பார்க்கிங்குக்கு ஒரு மணி நேரக் காசு போட்டுவிட்டுக் கடைக்குள் நுழையும்போது ஒரு திருப்பு, இட்லிச் சட்டியை மூடும்போது ஒரு திருப்பு. கைபேசியிலும் இதைச் செய்யலாம்தான். ஆனால் மாவுக் கையோடு கைபேசியைத் தொட வேண்டியதில்லை.

போலி எது, ஹோமேஜ் எது

பினாங்கில் நாசி கண்டார் சோற்றுக்கடை எத்தனை இருக்கிறது! எல்லாக் கடையிலும் குழம்பைக் கலந்து ஊற்றுகிறார்கள், எல்லாரும் வெண்டைக்காயும் மீன்முட்டையும் வைக்கிறார்கள். யாரும் யாரையும் திருடன் என்று சொல்வதில்லை. ஆனால் ஒருவர் தன் கடை வாசலில் ஊரறிந்த இன்னொரு கடையின் பெயர்ப்பலகையை மாட்டினால் அது மோசடி. பாணி எல்லாருக்கும் பொது, பெயர் ஒருவருக்கே உரியது.

வாட்சிலும் கோடு அங்கேதான் விழுகிறது. பழைய புகழ்பெற்ற வாட்சின் தோற்றத்தைப் பின்பற்றி, ஆனால் டயலில் தன் சொந்தப் பெயரைப் போட்டு விற்றால் அது ஹோமேஜ். ரோலெக்ஸ் என்ற எழுத்தையும் அந்தக் கிரீடச் சின்னத்தையும் ரோலெக்ஸ் அல்லாதவர் போட்டு விற்றால் அது போலி. சந்தைக்காரர் அதற்கு 'ட்ரிபிள் ஏ' என்று என்ன பட்டம் கொடுத்தாலும் போலி போலிதான்.

சட்டமும் ஏறக்குறைய இதே வழியில் போகிறது. பெயரும் சின்னமும் வணிக முத்திரை என்ற வகையில் வரும். அதைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே எத்தனை காலமும் வைத்திருக்கலாம். பொருளின் வடிவத்துக்குத் தரும் பாதுகாப்பு வேறு. மலேசியாவில் பதிவு செய்த வடிவமைப்புக்கு அதிகபட்சம் 25 ஆண்டுதான் ஆயுள். 1950-களில் வந்த ஒரு வளையத்தின் வடிவத்துக்கும் வட்டப் புள்ளிகளுக்கும் அந்த வகைப் பாதுகாப்பு இன்று இருக்க வழியில்லை. அதனால்தான் ஜெர்மனியின் ஸ்டைன்ஹார்ட், சீனாவின் சான் மார்ட்டின் போன்றவை அந்த முகத்தோடு பகிரங்கமாக விற்கின்றன. உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் சந்தையில் சோதனை போட்டு அள்ளிக்கொண்டு போவது பெயர் திருடிய சரக்கைத்தான்.

கோடு தெளிவு என்றாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாமே அழகு என்று சொல்ல மாட்டேன். கிரீடம் மாதிரியே தெரியும் ஒரு சின்னம், தேதிக்கு மேல் அதே பூதக்கண்ணாடி, அதே பச்சை என்று வரி விடாமல் படியெடுக்கும் ஹோமேஜ் எனக்குச் சலிப்பாக இருக்கும். சட்டப்படி சரி, ஆனால் கட்டியவரே நாள் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிட, சீக்கோ 1965-இல் ஜப்பானின் முதல் டைவ் வாட்சாகக் கொண்டுவந்த 62மாஸ் போன்ற பழைய வடிவத்தை எடுத்து, டயலில் தன் கைவரிசையைக் காட்டும் சின்ன பிராண்டுகள் சுவையானவை.

ஒரு வரியில் சொன்னால்: தோற்றம் ஒத்திருப்பதால் மட்டும் ஒரு வாட்ச் போலியாகிவிடாது. யார் பெயர் டயலில் இருக்கிறது, அவர்தான் உண்மையில் விற்பவரா என்று பார்த்தால் போதும்.

சின்ன பிராண்டு எப்படி இந்த விலைக்குத் தருகிறது

ரோலெக்ஸ் சப்மரீனர் இன்று 40,000 ரிங்கிட்டுக்கு மேல். அதே முகமுள்ள ஹோமேஜ் 500-க்கும் 2,000-க்கும் இடையில் கிடைக்கிறது. இவ்வளவு இடைவெளி எப்படி என்பதில்தான் பலருக்குச் சந்தேகம்.

மைக்ரோபிராண்ட் என்பது ஒருவரோ சிலரோ சேர்ந்து நடத்தும் சிறிய சுயேச்சை வாட்ச் நிறுவனம். சிங்கப்பூரின் ஜெலோஸ் 2014-இல் இப்படித்தான் தொடங்கியது. இவர்களுக்குச் சொந்தத் தொழிற்சாலை பெரும்பாலும் இருக்காது. வாட்சை வரைந்து, சீனாவில் ஷென்சென் பக்கத்துத் தொழிற்சாலையில் கூடு, டயல், முட்களைச் செய்யக் கொடுத்து, மிஷினை ஜப்பானிலிருந்தோ சுவிட்சர்லாந்திலிருந்தோ வாங்கிப் பொருத்தி, இணையத்தில் நேராக வாங்குபவருக்கு விற்பார்கள். கர்னி பேரங்காடியில் பளிங்குத் தரை போட்ட கடை இல்லை, விளம்பரத்தில் நடிகர் இல்லை. ஒரு தடவைக்குச் சில நூறு வாட்ச் மட்டும் செய்வார்கள். பல சமயம் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் வேலையையே ஆரம்பிப்பார்கள்.

சின்ன பிராண்டு என்றாலே மலிவு என்றும் நினைத்துவிடக் கூடாது. நம் கோலாலம்பூரில் 2017-இல் தொடங்கிய மிங், சுவிட்சர்லாந்தில் செய்து விற்கும் வாட்ச்கள் பல்லாயிரம் ரிங்கிட் போகும். 2019-இல் ஜெனீவாவின் பெரிய வாட்ச் விருது விழாவில் பரிசும் வாங்கியது. அது யாரையும் பின்பற்றாத சொந்த முகம் கொண்டது. இங்கே நாம் பேசுவது அந்த வரிசையைப் பற்றி இல்லை.

சரி, உள்ளே என்ன மிஷின்? இந்த விலையில் உள்ள தானியங்கி டைவ் வாட்சில் பெரும்பாலும் சீக்கோ குழுமத்தின் என்ஹெச்35 இருக்கும். தானியங்கி என்றால் பேட்டரி கிடையாது. கை அசையும்போது உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று சுழன்று சுருள்வில்லை முறுக்குகிறது, அந்த வில் மெல்ல அவிழ்ந்து முட்களை ஓட்டுகிறது. கழற்றி வைத்தால் சுமார் 41 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலை நின்றுபோயிருக்கும். அது கோளாறில்லை, எடுத்து முறுக்கிவிட்டால் ஓடும்.

நேரம் எவ்வளவு சரியாக இருக்கும் என்பதிலும் எதிர்பார்ப்பு நியாயமாக இருக்க வேண்டும். என்ஹெச்35-க்குத் தயாரிப்பாளரே ஒதுக்கும் வரம்பு நாளுக்கு 20 வினாடி பின்னே, 40 வினாடி முன்னே. நடைமுறையில் பலதும் இதைவிட நன்றாகவே ஓடும். குரோனோமீட்டர் என்னும் சுவிஸ் துல்லியச் சான்று பெற்ற மிஷினுக்கு வரம்பு 4 வினாடி பின்னே, 6 வினாடி முன்னே. மாதம் ஒருமுறை நேரத்தைத் திருத்திக்கொள்ளச் சோம்பல்படுபவர் பேட்டரியில் ஓடும் 100 ரிங்கிட் குவார்ட்ஸ் வாட்ச் வாங்கினால் இதைவிடத் துல்லியமாக ஓடும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கொஞ்சம் விலை கூடினால் சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 9015, அதற்கும் மேல் சுவிஸ் செலிட்டா எஸ்டபிள்யூ200 வரும். இவை மணிக்கு 28,800 துடிப்பு, என்ஹெச்35 மணிக்கு 21,600. கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம், வினாடி முள் இன்னும் வழுக்கிக்கொண்டு போகும் என்பதுதான். முதல் வாட்சுக்கு இதற்காக இரட்டை விலை கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

கண்ணாடியில் மட்டும் சமரசம் வேண்டாம். மோஸ் கடினத்தன்மை அளவில் வைரம் 10, செயற்கை நீலக்கல்லான சஃபையர் 9, கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7, சாதாரண மினரல் கண்ணாடி அதற்கும் கீழே. தன்னைவிடக் கடினமானது உரசினால்தான் கீறல் விழும். பத்து பெரிங்கி மணலில் கையை ஊன்றி எழுந்தால் மினரல் கண்ணாடியில் கோடு விழும், சஃபையர் அப்படியே இருக்கும். 900 ரிங்கிட் கேட்கும் பிராண்டு சஃபையர் தரவில்லையென்றால் அடுத்த கடையைப் பார்க்கலாம்.

'200 மீட்டர்' என்றால் என்ன

வாட்ச் உலகில் இந்த எண்ணைப் போலத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது வேறில்லை.

நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கூடும். பார் என்பது நாம் தரையில் உணரும் காற்றழுத்தம் அளவு. ஆக 200 மீட்டர் என்றால் 20 பார். 30 மில்லிமீட்டர் அகலக் கண்ணாடியின் மேல் அந்த ஆழத்தில் விழும் பாரம் சுமார் 140 கிலோ, அதாவது இரண்டு பெரிய மனிதர்கள் ஏறி நிற்பதற்குச் சமம். அதைத் தாங்குவது வாட்சின் கூடும் கண்ணாடியும். தண்ணீரை நிறுத்துவது மூடி, கண்ணாடி, குமிழ் ஆகிய மூன்று இடத்திலும் நசுங்கி உட்கார்ந்திருக்கும் கேஸ்கெட் என்னும் ரப்பர் வளையம். கிரவுன் எனப்படும் சாவி கொடுக்கும் குமிழ் டைவ் வாட்சில் திருகி மூடும் வகையாக இருப்பதும் இதற்காகத்தான்.

இப்போது அந்த நீச்சல் வதந்தி. கையை வேகமாக வீசினால் அழுத்தம் பலமடங்கு கூடி 200 மீட்டர் வாட்சுக்குள்ளும் தண்ணீர் புகும் என்பார்கள். கணக்குப் போட்டால், வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கை தண்ணீரைக் கிழித்தாலும் கூடும் அழுத்தம் சுமார் 0.125 பார். ஆழக் கணக்கில் ஒன்றேகால் மீட்டர். வினாடிக்கு 5 மீட்டர் கை வீசுவதே நம்மால் முடிகிற காரியமா என்பது வேறு கேள்வி. நிஜமாக மனிதர் போகும் ஆழமும் இவ்வளவுதான்: பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். எகிப்தின் அகமது கப்ர் 2014-இல் காற்றுக் குடுவையோடு இறங்கிப் படைத்த சாதனையே 332.35 மீட்டர். பெர்ஹெந்தியான் தீவுக்குப் போய் வருபவருக்கு 200 மீட்டர் தாராளம்.

அப்படியானால் தண்ணீர் புகுந்த வாட்ச்கள் எப்படி வருகின்றன? பெரும்பாலும் இரண்டு வழி. குமிழைத் திருகி மூட மறந்தது ஒன்று. ரப்பர் வளையம் வயதாகி விறைத்துப்போனது இன்னொன்று. வியர்வை, சோப்பு, வெந்நீர்க் குளியல் எல்லாம் ரப்பரை முன்கூட்டியே கிழடாக்கும். எண் என்பது வாட்ச் புதிதாக இருந்தபோது சோதித்த நிலை. அது ஆயுள் உத்தரவாதமில்லை.

எண்ணுக்குப் பின்னால் இரண்டு தரநிர்ணயம் இருக்கிறது. சாதாரண வாட்சுக்கு ஐஎஸ்ஓ 22810, அதில் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்தால் போதும். டைவ் வாட்சுக்கு ஐஎஸ்ஓ 6425. அதில் குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், எழுதியிருப்பதைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும், இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் நேரம் தெரிய வேண்டும். டயலில் 'டைவர்ஸ்' என்ற சொல்லோடு மீட்டர் போட இந்தத் தரம் வேண்டும். பல சின்ன பிராண்டுகள் வெறுமனே '200 மீட்டர்' என்று மட்டும் போடும். அது ஏமாற்று இல்லை. ஆனால் ஒவ்வொரு வாட்சையும் அழுத்தத்தில் சோதித்து அனுப்புகிறார்களா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். நேராகப் பதில் வந்தால் நல்ல அடையாளம்.

நீர் புகுந்ததா என்று பார்க்க அந்தத் தரநிர்ணயத்திலேயே ஓர் அழகான சோதனை உண்டு. வாட்சை 40 முதல் 45 பாகை வரை சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு, உள்பக்கம் பனி படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். படர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. நம் ஊரில் இந்தச் சோதனை தானாகவே நடக்கும். மத்தியான வெயிலில் மோட்டார் ஓட்டிவிட்டு ஏர்கான் வங்கிக்குள் நுழையும்போது கண்ணாடியின் உள்பக்கம் மூடுபனி மாதிரி தெரிந்தால் அன்றைக்கே வாட்சைத் திறக்கக் கொடுக்க வேண்டும்.

ஆக, நீந்துவதற்குப் பயப்பட வேண்டாம். குமிழை மூட மறப்பதற்கும் பழைய ரப்பருக்கும்தான் பயப்பட வேண்டும்.

பழுதானால் யாரிடம் போவது

சின்ன பிராண்டின் உண்மையான பலவீனம் இங்கேதான். சேவை மையம் என்று பினாங்கில் ஒன்றும் இருக்காது. வாரண்டி என்றால் பொட்டலம் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், போக வரத் தபால் செலவு யாருடையது என்பதை வாங்கும் முன்பே படித்துவிட வேண்டும். நிறுவனமே இரண்டு மூன்று ஆண்டில் காணாமல் போவதும் உண்டு.

மிஷின் மட்டும் இந்தக் கவலையிலிருந்து தப்பிக்கும். ஜார்ஜ் டவுனில் கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பாய் ஒருவரிடம் இப்படி ஒரு வாட்சைக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திருகித் திறந்தார். சுழலும் தகட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "பேரு என்னமோ போட்டிருக்கு தம்பி, உள்ளே சீக்கோதான். இது செத்தாலும் புதுசு போட்டுத் தர்றேன்" என்றார். விஷயம் அவ்வளவுதான். என்ஹெச்35 போன்ற பொது மிஷினை முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்யும் கூலியைவிடப் புதிதாக ஒன்றை வாங்கிப் போடுவதே பெரும்பாலும் மலிவு.

ஆனால் பெசலின் மேல் எண் போட்ட தகடு உடைந்தாலோ, அந்த வாட்சுக்கென்றே செய்த குமிழ் தொலைந்தாலோ பாயாலும் ஒன்றும் செய்ய முடியாது. பிராண்டு உயிரோடு இருந்து, உதிரிபாகம் வைத்திருந்தால்தான் உண்டு. அதனால், தன் முதல் வாட்சையே முன்பணம் வாங்கி விற்கும் பிராண்டைவிட, நான்கைந்து மாடல் வெளியிட்டு உதிரிபாகத்தைத் தன் தளத்தில் தனியாக விற்கும் பிராண்டை நான் தேர்ந்தெடுப்பேன். நூறு வெள்ளி கூடினாலும் பரவாயில்லை.

வரியும் முதல் நாளும்

வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பெரிய விற்பனைத் தளங்கள் அதைப் பில்லிலேயே சேர்த்துவிடும். அதற்கு மேற்பட்ட விலை என்றால் பொட்டலம் சுங்கத்தைத் தாண்டும்போது தனியாகக் கட்டணம் வரலாம், கொஞ்சம் காசு ஒதுக்கி வையுங்கள்.

பெட்டி வந்ததும் பெசலை ஒரு முழுச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். தளர்ந்து ஆடக் கூடாது, முக்கோணம் 12-க்கு நேராக நிற்க வேண்டும். சின்ன பிராண்டுகளில் அதிகம் தவறுவது இதில்தான், மாற்றித் தரச் சொல்லும் உரிமை முதல் சில நாட்களுக்குத்தான் இருக்கும். விளக்கைக் காட்டிவிட்டு இருட்டறையில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் ஒளிர்கிறதா என்று பாருங்கள். அப்புறம் குமிழைத் திருகித் திறந்து, இருபது முப்பது சுற்று முறுக்கி, நேரத்தை வையுங்கள். தேதியை இரவு 9 மணிக்கு மேல் விடியும்வரை திருத்த வேண்டாம். அந்த நேரத்தில் தேதிச் சக்கரமும் பற்களும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும், வலிந்து திருப்பினால் பல் உடையும். வைத்து முடித்ததும் குமிழை உள்ளே அழுத்தியபடியே, இறுகும்வரை திருகி மூடுங்கள். கடலுக்குப் போய்வந்தால் குழாய்த் தண்ணீரில் ஓர் அலசு அலசி உப்பைக் கழுவுங்கள், குமிழ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.